பதினோரு வருசம் கழிச்சு எதுக்குக் கேக்கா?

எங்க ஊர்ப் பக்கம் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பெரியவருக்குக்கூட ஒரு சட்டம் மனப்பாடம். புரோநோட்டுக்கு மூணு வருசம். மூணாவது வருசம் முடியப்போற மாசத்துல கடன் கொடுத்தவர் சைக்கிளை எடுத்துக்கிட்டு கடன்காரர் வீட்டு வாசலுக்கு வந்துருவார். "பாக்கியைக் குடு, இல்லாட்டி புதுசா எழுதிக் குடு." அதுல வெட்கம் கிடையாது, வருத்தம் கிடையாது. பாக்கின்னா பாக்கிதான்.

குத்தகை பாக்கிக்கும் இதே கதை. உரக்கடை பாக்கிக்கும் இதே கதை. சொசைட்டிக் கடனுக்கு நாள் தவறினா வட்டி ஏறுது. இதையெல்லாம் ஏத்துக்கிட்ட இதே ஊர், ஒரே ஒரு பாக்கியைப் பத்திப் பேச்சு வந்தா மட்டும் மூஞ்சியைச் சுளிக்கும். அது ஜீவனாம்சம்.

எங்க காட்டுக்குக் களையெடுக்க வர்ற அக்கா ஒருத்தரை உதாரணமாச் சொல்றேன். பேர் வேண்டாம். 11 வருசத்துக்கு முன்னாடி அவங்களை ஊர்க்கூட்டம் போட்டு "அத்து" விட்டாங்க. எங்க பக்கம் விவாகரத்துக்கு அதுதான் பேச்சு. 20 ரூபாய்ப் பத்திரத்தாள்ல ரெண்டு பேரும் கையெழுத்து. 40,000 ரூபாய் ரொக்கம், போட்டு வந்த நகையில பாதி. "இனிமேல் ஒருத்தர் மேல ஒருத்தருக்கு எந்தப் பாத்தியதையும் கிடையாது"ன்னு கடைசி வரி. கைப்பிள்ளையோட அண்ணன் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தாங்க.

அந்த 40,000 ரூபாயை 11 வருசத்துக்கு வகுத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்குப் பத்து ரூபாய்கூட முழுசா வரலை. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுல ஒரு டீக்கு ஆகாத காசு. அதுக்குப் பேர் தீர்வையாம்.

இப்ப அந்தப் பிள்ளை ஆறாப்பு முடிச்சு ஏழாப்பு போகுது. அக்காவுக்கு முட்டு தேய்ஞ்சு போச்சு, முன்ன மாதிரி குனிஞ்சு களை எடுக்க முடியலை. கேஸ் போடலாமான்னு பேச்சு வந்தப்ப, அவங்களே சொன்னது இது: "11 வருசம் கழிச்சுப் போயி கேட்டா ஊரு காறித் துப்பாதா அண்ணாச்சி?"

ஊர் துப்பும். அது எனக்கும் தெரியும். ஆனா ஊரைவிட வேகமாத் துப்புறது நகரத்துல இருக்கிற நம்ம ஆட்கள்தான். அதனாலதான் இதை உங்களுக்கு எழுதுறேன்.

படிச்சவங்க, நல்ல வேலையில இருக்கிறவங்க, பொங்கலுக்கும் ஆடித்தபசுக்கும் ஊருக்கு வர்றவங்க பலபேர் பேசுறதைக் கேட்கிறேன். "விவாகரத்து முடிஞ்சு எத்தனையோ வருசம் ஆச்சு. அவன் வேற வாழ்க்கை அமைச்சுக்கிட்டான். இப்ப வந்து பழசுக்கெல்லாம் சேர்த்துக் காசு கேட்கிறது பிளாக்மெயில் இல்லையா?" 2024 டிசம்பர்ல பெங்களூருல ஒரு பொறியாளர் தற்கொலை செஞ்சுக்கிட்ட பிறகு இந்தப் பேச்சு இன்னும் உரத்துப் போச்சு. அந்த மரணம் பெரிய துயரம், அதுல ரெண்டு கருத்து இல்லை. ஆனா அந்தத் துயரத்தைத் தூக்கிட்டு வந்து களையெடுக்கிற பொம்பளையோட மனுவுக்கு மேல வைக்கிறது நியாயம் இல்லை.

முதல்ல இந்த "பழசுக்கெல்லாம் சேர்த்து" என்கிற பேச்சே பொய். சட்டம் அப்படிக் கொடுக்கிறதே கிடையாது.

ஜீவனாம்சத்துக்கு ஏழைகள் போற கதவு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 125-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1-லிருந்து அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவுல 144-ஆவது பிரிவு. பேர்தான் மாறிச்சு, சாரம் அதேதான். விவாகரத்து ஆகி மறுமணம் செய்யாத பெண்ணும் அந்தப் பிரிவுக்கு "மனைவி"தான். விவாகரத்து ஆகி இத்தனை வருசத்துக்குள்ள மனுப் போடணும்னு அதுல கெடு எதுவும் இல்லை. சரி, எந்தத் தேதியிலிருந்து பணம்? உத்தரவு போட்ட தேதியிலிருந்து, இல்லாட்டி மனுப் போட்ட தேதியிலிருந்து. அவ்வளவுதான். இதுல எந்தத் தேதின்னு ஒவ்வொரு கோர்ட்டும் ஒவ்வொரு மாதிரி தீர்ப்புச் சொல்லிக்கிட்டு இருந்ததை, ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்குல 2020 நவம்பர் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் முடிச்சு வச்சது. எல்லா வழக்கிலும் மனுப் போட்ட தேதியிலிருந்துதான் கொடுக்கணும்னு சொல்லியாச்சு.

மனுவுக்கு முந்தின வருசங்களுக்கு? ஒரு பைசா கிடையாது.

அப்ப 11 வருசம் வாயை மூடிக்கிட்டு இருந்த அக்காவால லாபம் யாருக்கு? மாசம் 3,000 ரூபாய்னு குறைச்சுப் போட்டாக்கூட 132 மாசத்துக்கு 3,96,000 ரூபாய். அந்தப் பணத்தை அவ புருசன் கொடுக்காமலே தப்பிச்சாச்சு. சட்டப்படி அவனை இனிமேல் அதைக் கேட்க முடியாது. பொம்பளை தாமதிச்சா அது ஆம்பளைக்கு அடிச்ச பரிசுச் சீட்டு. அந்தப் பரிசை வாங்கிப் பையில போட்டுக்கிட்டு, "ஏன் இத்தனை வருசம் கழிச்சு வந்தே?"ன்னு கேட்கிறதுக்கு எவ்வளவு துணிச்சல் வேணும்!

"எங்க சொந்தக்காரன் ஒருத்தன் மேல ஆறு வருசப் பாக்கியை மொத்தமாத் தூக்கிப் போட்டாங்களே"ம்பீங்க. விசாரிச்சுப் பாருங்க. மனுப் போட்டது ஆறு வருசத்துக்கு முன்னாடியா இருக்கும். வாய்தா வாங்கி, சம்மனை வாங்காம ஓடி, வக்கீலை மாத்தி, ஆறு வருசத்தை ஓட்டினது யாரு? இடைக்கால ஜீவனாம்ச மனுவைக் கூடுமானவரை 60 நாளுக்குள்ள முடிக்கணும்னு 2001-லயே சட்டத்துல எழுதியாச்சு. நடைமுறை என்னன்னு கோர்ட் வாசல்ல புளியமரத்தடியில உட்கார்ந்திருக்கிற பொம்பளைகளைக் கேட்டாச் சொல்லுவாங்க.

நம்ம தமிழ்நாட்டு வழக்கே ஒண்ணு இருக்கு. பூங்கொடி எதிர் தங்கவேல். ஒரு தாயும் மகனும் கேட்ட ஜீவனாம்சத்தை 1993-லிருந்து கொடுக்கணும்னு 1998-ல உத்தரவு. பணம் வரலை. பாக்கியைக் கேட்டுப் போனா, ஒரு வருசப் பாக்கிக்கு மேல வசூலிக்க முடியாதுன்னு உயர் நீதிமன்றம் வரைக்கும் தீர்ப்பு அவங்களுக்கு எதிராப் போச்சு. ஏன்னா, பாக்கி விழுந்து ஒரு வருசத்துக்குள்ள வாரண்டுக்கு மனுப் போடணும்னு சட்டத்துல ஒரு நிபந்தனை இருக்கு. 2013 செப்டம்பர்லதான் உச்ச நீதிமன்றம் சொன்னது: அந்த ஒரு வருசக் கெடு ஆளைப் பிடிச்சு உள்ளே வைக்கிற வழிக்கு மட்டும்தான், பணம் வாங்குற உரிமை அதனால அழியாது, கெடு தாண்டினாலும் சிவில் வழியில வசூல் பண்ணலாம். 1993-க்கும் 2013-க்கும் நடுவுல 20 வருசம். அந்தப் பிள்ளை வளர்ந்து ஆளாகியிருப்பான். பசிச்ச வயசுல வராத காசு அது.

இனி அந்த 20 ரூபாய்ப் பத்திரத்துக்கு வர்றேன். இதுதான் எங்க ஊர்கள்ல உண்மையான தடுப்புச்சுவர். "நீதான் எழுதிக் கொடுத்துட்டியே" என்கிற ஒரே வார்த்தையில எத்தனையோ பேரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்காங்க.

யோசிச்சுப் பாருங்க. சமூக வழக்கப்படி அத்துவிடுறதை இந்து திருமணச் சட்டம் 29-ஆவது பிரிவு ஒரேயடியா ஒதுக்கலை. அப்படி ஒரு பழமையான வழக்கம் இருக்குன்னு நிரூபிச்சா அது செல்லும். செல்லும்னு வைங்க. அப்ப இவ விவாகரத்தான மனைவி, ஜீவனாம்சம் கேட்கலாம். பரஸ்பர சம்மதத்துல விவாகரத்து வாங்கின பெண்ணுக்கும் அந்த உரிமை உண்டுன்னு வனமாலா வழக்குல 1995-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிட்டுது. சரி, நிரூபிக்க முடியலை, பத்திரம் செல்லாதுன்னு வைங்க. அப்ப இவ இன்னும் பொண்டாட்டிதான். அவன் வேற ஒருத்தியைக் கட்டிக்கிட்டிருந்தா அது ஒண்ணே இவ தனியா இருக்கிறதுக்குப் போதுமான காரணம். எந்தப் பக்கம் புரட்டிப் போட்டாலும் அவன் கடன்காரன்தான்.

மொத்தமா வாங்கிட்டா உரிமை போயிரும் என்கிறதும் முழு உண்மை இல்லை. கர்நாடகாவுல ஒரு அம்மா 1994-ல 8,000 ரூபாய் வாங்கிக்கிட்டு இனி கேட்க மாட்டேன்னு கோர்ட்லயே சமரசம் எழுதிக் கொடுத்தாங்க. பிறகு வேற சட்டத்துல வழக்குப் போட்டாங்க. நாகேந்திரப்பா நாட்டிகர் எதிர் நீலம்மா என்கிற அந்த வழக்குல, பழைய சமரசம் புது வழக்குக்குத் தடை இல்லைன்னு 2013-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கோர்ட்ல எழுதினதுக்கே அந்தக் கதின்னா, வேப்பமரத்தடியில எழுதினதுக்கு என்ன மரியாதை?

"ஏன் அப்பவே கேட்கலை?" என்கிற கேள்விக்கும் பதில் சொல்லிடறேன். அப்ப அந்த அக்காவுக்கு வயசு 24. கையில எட்டு மாசக் குழந்தை. சோறு போடுறது அண்ணன். அண்ணனுக்கு அந்த ஊர்லதான் பொண்ணு எடுத்திருக்கு. கேஸ் போட்டா அவன் குடும்பத்துல சண்டை. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கிறாங்க, "கோர்ட்டு ஏறின குடும்பம்"னு பேர் வந்துரும். அதெல்லாம் தாண்டி, "பிள்ளையைப் பறிச்சுக்கிருவான்" என்கிற பயம். இத்தனையும் ஓய்ஞ்சு, தங்கச்சி கல்யாணம் முடிஞ்சு, அப்பா அம்மா காலமாகி, முட்டும் தேய்ஞ்ச பிறகுதான் ஒருத்திக்குத் தனக்காக வாய் திறக்க நேரம் கிடைக்குது. இதைத் திட்டம் போட்டுக் காத்திருந்த பேராசைன்னு சொல்றவனுக்குக் கிராமமும் தெரியாது, பொம்பளையும் தெரியாது.

இப்ப எங்க ஆட்களைப் பத்தி, விவசாயிகளைப் பத்தி. இதுல நாங்க நல்ல பேர் வாங்கலை. ஜீவனாம்சக் கேஸ்னு நோட்டீஸ் வந்ததும் சம்சாரி முதல்ல செய்யறது பட்டாவை அண்ணன் பேருக்கோ அம்மா பேருக்கோ மாத்துறது. அப்புறம் கோர்ட்ல போயி, "ஐயா, மானாவாரிக் காடு, மழை இல்லை, வருமானமே இல்லை"ன்னு கையைக் கட்டிக்கிட்டு நிற்கிறது. வருமான வரிக் கணக்கு எங்களுக்குக் கிடையாது. சம்பளச் சீட்டு கிடையாது. பருத்தி ரொக்கத்துக்கு விற்கும், மக்காச்சோளம் ரொக்கத்துக்கு விற்கும், பூ தினம் தினம் மார்க்கெட்ல காசாகும். எதுக்கும் ரசீது இருக்காது.

உச்ச நீதிமன்றத்துக்கு இது தெரிஞ்சிருக்கு. அதே 2020 தீர்ப்புல விவசாயிகளுக்குன்னே தனியா ஒரு உறுதிமொழிப் பத்திரப் படிவத்தைச் சேர்த்திருக்காங்க. எத்தனை நிலம், அதுல உன் பங்கு எவ்வளவு, நஞ்சையா புஞ்சையா, என்ன பயிர், கடந்த மூணு வருசத்துல என்ன வருமானம், குத்தகைக்கு எடுத்திருக்கியா, மாடு எத்தனை, ஆடு எத்தனை, கோழி எத்தனை, கடன் எவ்வளவு, எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடணும். படிச்சுப் பார்த்தா நம்ம வி.ஏ.ஓ. வந்து கணக்கெடுக்கிற மாதிரியே இருக்கும். ஆனா இந்தப் படிவம் இருக்குன்னு அந்த அக்கா மாதிரி ஆட்களுக்கு யார் சொல்றா? பொய் எழுதினா கண்டுபிடிக்கிறதுக்கு அவளுக்கு ஒரு கண் போதும். எந்தக் கிணறு, எத்தனை மாடு, எந்தக் காட்டுல என்ன வெள்ளாமைன்னு அவளுக்குத் தெரியாததா? அவ வாழ்ந்த வீடு அது.

எதிர்த்தரப்புல நியாயமே இல்லைன்னு நான் சொல்ல வரலை. நல்ல சம்பளத்துல இருக்கிற பொம்பளை, கூலிக்குப் போற முன்னாள் புருசன்கிட்டக் கேட்டா அது அநியாயம். சட்டமும் அப்படிக் கண்ணை மூடிக்கிட்டுக் கொடுக்கிறதில்லை. தன்னைக் காப்பாத்திக்க முடியாதவளுக்கு, வசதி இருந்தும் கவனிக்காதவன் கொடுக்கணும். இதுதான் அந்தப் பிரிவோட வாசகம். மறுமணம் செஞ்சா நின்னு போகும். நிலைமை மாறினா கூட்டவோ குறைக்கவோ ரெண்டு பேரும் கேட்கலாம். அதே நேரம், நாள் கூலி 300 ரூபாய் வாங்குறா என்கிறதுக்காக "அதான் சம்பாதிக்கிறாளே"ன்னு தள்ள முடியாது. கொஞ்சம் வருமானம் இருக்கிறதாலேயே உரிமை போயிராதுன்னு சதுர்புஜ் எதிர் சீதாபாய் வழக்குல 2007-லயே சொல்லியாச்சு.

இங்கிலாந்துல என்ன நடந்ததுன்னும் பாருங்க. டேல் வின்ஸ்னு ஒருத்தர். 1981-ல கல்யாணம், 1984-ல பிரிவு, 1992-ல விவாகரத்து. அப்ப ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணும் கிடையாது, நாடோடி வாழ்க்கை. பிறகு அவர் காற்றாலை மின்சாரத்துல பெரிய பணக்காரர் ஆனார். கயத்தாறு பக்கம் சுத்துற காற்றாடியைத் தினம் பார்க்கிற நமக்கு அது புரியாத தொழில் இல்லை. பிள்ளைகளைக் கஷ்டத்துல வளர்த்த முன்னாள் மனைவி 2011-ல வழக்குப் போட்டார். விவாகரத்து ஆகி 19 வருசம். கீழ உள்ள கோர்ட் அதைத் தூக்கி எறிஞ்சது. 2015 மார்ச்ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், தாமதம் தொகையைக் குறைக்கும், ஆனா கதவைச் சாத்தாதுன்னு சொன்னது. தனியா நின்னு பிள்ளைகளை வளர்த்த அந்த உழைப்பையும் கணக்குல எடுக்கணும்னாங்க. 2016-ல 3 லட்சம் பவுண்டுக்குச் சமரசம் ஆச்சு. கொந்தளிச்சவங்க அங்கயும் இருந்தாங்க. ஆனா கடந்துபோன வருசங்களோட உழைப்புக்கு ஒரு விலை உண்டுன்னு ஒரு நாட்டு நீதிமன்றம் ஒத்துக்கிட்டது. நம்ம இந்து திருமணச் சட்டம் 25-ஆவது பிரிவும், தீர்ப்பு நேரத்துலயோ அதுக்குப் பிறகு எப்ப வேணும்னாலுமோ நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம், மொத்தத் தொகையாவும் கேட்கலாம்னுதான் சொல்லுது. கதவு இருக்கு. தள்ளித் திறக்கத்தான் ஆள் இல்லை.

என்னோட கோரிக்கை ஒண்ணுதான், அதுவும் பெரிசு இல்லை. புரோநோட்டுக்குக் கொடுக்கிற மூணு வருசத்தை இவளுக்கும் கொடுங்க. பழைய ஜீவனாம்ச பாக்கிக்கு ஒரு இந்து வழக்குப் போட்டா, காலவரையறைச் சட்டத்துல மூணு வருசம் பின்னாடி போக இடம் இருக்கு. ஆனா அந்தச் சிவில் வழி நடப்பு மனைவிக்கு உதவும், அத்துவிடப்பட்டவளுக்கு உதவாது. மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போற கூலிக்காரிக்கு மனுத் தேதிக்கு முந்தின நாள்கூட கணக்குல இல்லை. மனுத் தேதியிலிருந்து பின்னாடி மூணு வருசம் கணக்குப் பார்த்துக் கொடுக்க நீதிபதிக்கு அதிகாரம் கொடுத்து ஒரு திருத்தம் கொண்டு வந்தா எந்த ஆம்பளையும் அழிஞ்சு போக மாட்டான். பாக்கி வச்சா ஏறும்னு தெரிஞ்சா, ஏறுறதுக்கு முன்னாடியே கொடுப்பான். நாங்க சொசைட்டிக் கடனை அப்படித்தானே கட்டுறோம்?

அது வர்ற வரைக்கும் செய்யக்கூடியது இருக்கு. மனுவை அவ குடியிருக்கிற ஊருக்குரிய கோர்ட்லயே போடலாம், புருசன் ஊருக்கு அலைய வேண்டாம். வக்கீலுக்குக் காசு இல்லைன்னா வட்ட சட்டப்பணிகள் குழுவுல பெண்களுக்கு வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு. 15100-க்குப் போன் போட்டாலும் வழி சொல்லுவாங்க. உத்தரவு கையில இருக்கிறவங்க ஒவ்வொரு வருசமும் கெடு முடியிறதுக்குள்ள வசூல் மனுப் போட்டுரணும். ஜெயிலுக்குப் போயிட்டு வந்தா கடன் தீர்ந்துருச்சுன்னு அவன் சொன்னா நம்பாதீங்க. ஜெயில் வசூலுக்கான நெருக்கடிதான், பாக்கி அப்படியே நிற்கும்னு 1988-லயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கு. எல்லாத்துக்கும் மேல, ஒரு மாசம் தள்ளிப்போட்டா அந்த மாசத்துக் காசு போச்சு. நாளைக்குப் போடற மனுவைவிட இன்னைக்குப் போடற மனுவுக்கு ஒரு நாள் கூலி அதிகம்.

கடைசியா உங்ககிட்ட. அந்த 20 ரூபாய்ப் பத்திரத்தை எழுதுறது யாருன்னு நினைக்கிறீங்க? ஊர்ப் பெரியவங்களுக்குச் சட்ட பாஷை வராது. சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ லீவுல வந்த படிச்ச தம்பியைக் கூப்பிட்டு உட்கார வச்சுத்தான் எழுதச் சொல்லுவாங்க. "நாலு வார்த்தை நல்லாப் போட்டு எழுதுப்பா." அந்தக் கடைசி வரி, "எந்தப் பாத்தியதையும் கிடையாது" என்கிற வரி, படிச்ச கை எழுதின வரி.

அடுத்த தடவை அப்படி உங்களைக் கூப்பிட்டா, பேனாவை மூடி வச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "இந்தப் பிள்ளைக்கு மாசம் எவ்வளவு, எந்தத் தேதியில, யார் கையில?" அதுக்குப் பதில் இல்லாத பத்திரத்துல எழுதாதீங்க. கூட்டத்துல நாலு பேர் முறைப்பாங்க. முறைக்கட்டும்.